ஊர் திரும்பும் பிள்ளைகளுக்கு மிதிவெடியைப் பற்றி யார் சொல்லிக் கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மறுவாழ்வு முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களில் சில குடும்பங்கள் சொந்த ஊருக்குத் திரும்ப மனு கொடுத்திருப்பதைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்தேன். நல்ல செய்தி, அக்கறையாகத்தான் எழுதியிருந்தீர்கள். பிறப்புச் சான்றிதழ், குடியுரிமை, வெளியேறும் அனுமதி, பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழ் அங்கே செல்லுமா செல்லாதா, எல்லாம் இருந்தது. ஆனால் அவர்கள் போய் இறங்கப் போகிற மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இடமில்லை என்றால் கடைசியில் நான் கேட்டிருப்பதை மட்டுமாவது போட்டுவிடுங்கள்.

கங்கைகொண்டான் பக்கம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முகாம் பிள்ளைகள் நிறையப் பேர் என்னிடம் படித்திருக்கிறார்கள். கங்கைகொண்டானில் மட்டுமில்லை, பெருமாள்புரம், கோபாலசமுத்திரம், சமூகரெங்கபுரம் என்று நம் மாவட்டத்தில் இன்னும் முகாம்கள் உண்டு. 1983-லும் 1990-லும் கடலைத் தாண்டி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். அந்தப் பிள்ளைகள் பேசுவது நம்ம நெல்லைத் தமிழ். வீட்டுக்குள் அம்மாவிடம் ஒரு மாதிரி, வெளியே நம் பிள்ளைகளிடம் "ஏலே வாலே" என்று வேறு மாதிரி. தாமிரபரணியில் குளித்து, குளக்கரையில் கிரிக்கெட் ஆடி, உடைமரக் காட்டுக்குள் விறகு பொறுக்கி வளர்ந்தவர்கள். முல்லைத்தீவும் மன்னாரும் கிளிநொச்சியும் அவர்களுக்குத் தாத்தா சொல்லிக் கேட்ட ஊர்கள்தான்.

என் பயமே இதுதான். வட இலங்கையின் வன்னிப் பகுதியிலேயே இருந்து போரைப் பார்த்து, மீள்குடியேறி, அங்கேயே வாழ்கிற பிள்ளைக்கு எந்தச் சந்துக்குள் நுழையக் கூடாது, எந்தப் புதருக்குப் பின்னால் ஒதுங்கக் கூடாது என்று நடக்கப் பழகும்போதே சொல்லியிருப்பார்கள். பள்ளிக்கூடத்திலும் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். இங்கே பிறந்து பத்து, பன்னிரண்டு வயதில் அங்கே போகிற பிள்ளைக்கு எதுவும் தெரியாது. நம் ஊர்க் காட்டில் எப்படி ஓடினானோ அப்படியே அங்கேயும் ஓடுவான். ஊர் திரும்பப் போகிற பையன் ஒருவனிடம் என்னடா செய்யப் போகிறாய் என்று கேட்டேன். "அங்க எங்க தாத்தாவுக்கு நெறைய எடம் கெடக்காம் சார், யாருமே இல்லியாம், கிரிக்கெட் ஆடலாம்" என்றான். யாருமே இல்லாமல் ஏன் கிடக்கிறது என்று அவனுக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை.

அங்கே நிலைமை என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. ஆனால் அதற்கு முந்தைய இருபத்தைந்து வருடத்தில் இரண்டு தரப்பும் புதைத்த வெடிகள் போர் முடிந்த தேதியைப் பார்த்துச் செத்துப் போய்விடவில்லை. யாழ்ப்பாணம் போகிற ஏ-9 சாலையில் முகமாலை என்று ஓர் ஊர். 2000-ல் ஆனையிறவு ராணுவ முகாம் புலிகளிடம் விழுந்த பிறகு 2009 வரை அந்த வட்டாரம்தான் போர் முன்வரிசை. இந்தப் பக்கம் ஒரு மண் அணை, அந்தப் பக்கம் ஒரு மண் அணை, நடுவில் ஆள் போகாத நிலம். கிளாலியிலிருந்து நாகர்கோவில் வரை (நம் நாகர்கோவில் இல்லை, அங்கேயும் ஒரு நாகர்கோவில் உண்டு) கடலுக்குக் கடல் இதே கதைதான். சண்டை முன்னும் பின்னுமாக நகரும்போதெல்லாம் புதைத்ததற்கு மேலேயே மறுபடி புதைத்திருக்கிறார்கள். உலகத்திலேயே மிக அடர்த்தியான கண்ணிவெடி நிலங்களில் ஒன்று என்று வெடி அகற்றுபவர்கள் முகமாலையைச் சொல்வார்கள். போர் முடிந்து பல வருடம் கழித்துத்தான் அந்த ஊர்க்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கள் காணிக்குத் திரும்ப முடிந்தது.

ராணுவம் புதைத்ததில் பி-4 என்று ஒரு வகை. பாகிஸ்தானில் செய்தது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பிளாஸ்டிக் உடம்பு, உள்ளே இரும்பு என்று பெயருக்குத்தான் ஏதோ கொஞ்சம், கருவியை வைத்துத் தேடினாலும் லேசில் சத்தம் கொடுக்காது. புலிகள் தாங்களே செய்தது ஜொனி என்கிற மிதிவெடி, சின்ன மரப்பெட்டி மாதிரி இருக்கும். மரம் மண்ணுக்குள் உளுத்துப் போகும், உள்ளே இருக்கிற மருந்து போகாது. இப்படிப்பட்ட மிதிவெடிகளில் பல வகைக்கு ஐந்து கிலோவிலிருந்து பத்து கிலோ அழுத்தம் போதும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எடை அதைவிட அதிகம். நின்று விளையாடுகிற கைப்பிள்ளையின் எடைகூடப் போதும்.

மிதித்தால் என்ன ஆகும் என்பதை அறிவியல் வாத்தியாராக இருந்தவன் என்ற முறையில் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், பெரியவர்களாவது தெரிந்துகொள்ள வேண்டும். பாதம் மட்டும் போவதில்லை. வெடிக்கிற வேகத்தில் மண், கல், செருப்புத் துண்டு, பாதத்து எலும்புத் துணுக்கு எல்லாம் சதைக்குள்ளே மேல்நோக்கி ஏறும். அதனால் டாக்டர்கள் காயம் தெரிகிற இடத்துக்கும் நன்றாக மேலே வெட்ட வேண்டியிருக்கும், அதுவும் ஒரே ஆபரேஷனில் முடிவதில்லை. பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்குக் கண் போகும். கால் போனது வளர்கிற பிள்ளை என்றால் எலும்பு வளர வளரச் செயற்கைக் காலை ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து வருடம் தாங்கும். யாழ்ப்பாணத்தில் 1987-லிருந்து ஒரு ஜெய்ப்பூர் மையம் இருக்கிறது, ராஜஸ்தானில் கண்டுபிடித்த அதே ஜெய்ப்பூர் காலைத்தான் செய்து கொடுக்கிறார்கள். அவர்களைக் கும்பிட வேண்டும். ஆனால் கூலி வேலைக்குப் போகிற குடும்பம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எத்தனை தடவை அங்கே போய்வர முடியும்?

முகாமில் வன்னிக்காரப் பாட்டி ஒருவர் இருக்கிறார். மகனும் மருமகளும் ஊருக்குப் போக வேண்டும் என்கிறார்கள், அவருக்கும் மண்ணைப் பார்க்க ஆசை. ஆனால் பேச்சு வந்தபோது அவர் சொன்னது வேறு. "சேர், நாங்கள் விட்டிட்டு வந்த காணி இல்ல அது இப்ப. அந்த வளவுக்குள்ள ஆர் ஆர் இருந்தவையோ, எங்க எங்க பங்கர் வெட்டினவையோ, எங்க எதைத் தாட்டுப்போட்டுப் போனவையோ, ஆருக்குத் தெரியும்? நான் வயசுபோனவள், பாத்து நடப்பன். இந்தப் பிள்ளையள் நிலத்தைப் பாத்தோ நடக்குதுகள்?" அங்கே இருக்கிற சொந்தக்காரர்கள் போனில் சொல்லித்தான் அவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறது. அதிகாரிகள் யாரும் வந்து சொல்லவில்லை.

மிதிவெடி மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை, அது கிடக்கும் என்று சந்தேகப்படுகிற நிலத்தில் மண்டை ஓடு போட்ட சிவப்புப் பலகையாவது வைத்திருப்பார்கள். வெடிக்காமல் போன செல் (பீரங்கிக் குண்டு), கைக்குண்டு, மோட்டார் குண்டு, விமானத்திலிருந்து போட்டது, இதெல்லாம் எங்கே வேண்டுமானாலும் கிடக்கும். கிணற்றைத் தூர் வாரினால் வரும். வீடு கட்ட வாணம் தோண்டினால் வரும். குப்பையைக் கூட்டித் தீ வைத்தால் அடியில் கிடந்தது சூடேறி வெடிக்கும், அங்கே அப்படி ஆட்கள் காயப்பட்டதுண்டு. பனங்கிழங்கு பிடுங்கும்போது மண்வெட்டியில் தட்டலாம். நம் ஊர்ப் பக்கமும் பனை, அங்கேயும் பனை, பிள்ளைக்கு வித்தியாசம் என்ன தெரியும்?

அப்புறம் இரும்பு. இதைத்தான் நான் ரொம்ப யோசிக்கிறேன். நம் ஊரில் பையன்கள் கீழே கிடக்கிற போல்ட்டு, நட்டு, ஒடிந்த கம்பி எல்லாவற்றையும் பொறுக்கிக் காயலான் கடையில் போட்டு ஐஸ் வாங்கித் தின்பார்கள். முகாம் பிள்ளைகளும் அப்படித்தான், கையில் காசில்லாத பிள்ளைகளுக்கு அது ஒரு வழி. போர் நடந்த பூமியில் மண்ணில் துருத்திக்கொண்டு நிற்கிற இரும்பு என்றால் அது என்னவாகவும் இருக்கலாம். லாவோஸ் நாட்டில் 1964-லிருந்து 1973 வரை அமெரிக்க விமானங்கள் இருபது லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. கொத்துக் குண்டுக்குள்ளிருந்து சிதறிய குட்டிக் குண்டுகள் மட்டும் இருபத்தேழு கோடி, அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறையாக வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டன என்பது கணக்கு. பந்து மாதிரி உருண்டையாக இருக்கும். ஐம்பது வருடம் ஆன பிறகும் அங்கே பிள்ளைகள் பந்து என்று எடுத்துச் செத்துப் போகிறார்கள், பழைய இரும்பு என்று தட்டிப் பார்க்கிற தகப்பன்மாரும் செத்துப் போகிறார்கள். 1945-ல் முடிந்த போரின் குண்டு ஒன்று 2017-ல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்தில் கட்டட வேலையின்போது வெளியே வந்தது. அதைச் செயலிழக்கச் செய்வதற்காக அறுபதாயிரம் பேரை வீட்டை விட்டு வெளியேற்றினார்கள். ஜெர்மனிக்கு அதைச் செய்ய ஆளும் இருக்கிறது, காசும் இருக்கிறது.

இதெல்லாம் எங்கேயோ நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். 2004-ல் டெல்லிக்குப் பக்கத்தில் காசியாபாத்தில் ஓர் உருக்காலையில் வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இரும்புக்குள் உயிருள்ள செல் கிடந்து வெடித்துப் பத்துத் தொழிலாளிகள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் இறக்குமதியாகும் பழைய இரும்புக்குச் சோதனையைக் கடுமையாக்கினார்கள். நம் மலையடிவாரக் கிராமங்களில் காட்டுப் பன்றிக்கென்று வெடிமருந்து வைத்துப் போடுகிற அவுட்டுக்காயைக் கடித்து மாட்டுக்கு வாய் கிழிந்ததை ஆடு மாடு மேய்க்கிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். கீழே கிடக்கிற பொருள் வெடிக்கும் என்கிற பாடம் முகாம் பிள்ளைக்கு மட்டுமில்லை, கடையம், பாபநாசம் பக்கத்துப் பிள்ளைக்கும் வேண்டியதுதான்.

உலகம் முழுக்க எடுக்கிற கணக்கில் 2023-ஆம் வருடம் மட்டும் கண்ணிவெடியாலும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளாலும் அடிபட்டவர்கள் 5,757 பேர், அதில் 1,983 பேர் இறந்துவிட்டார்கள். நூற்றுக்கு எண்பத்து நான்கு பேர் சாதாரண ஜனங்கள். அந்த ஜனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குழந்தைகள். இது எழுதிவைக்கப்பட்ட கணக்கு மட்டும்தான்.

எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் இருக்கிறார், மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். கண்ணிவெடி புதைப்பதும் எடுப்பதும்தான் அவர் தொழில். 2001 டிசம்பரில் பாராளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தான் எல்லை நெடுகிலும் படையைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அப்போது பஞ்சாபிலிருந்து ராஜஸ்தான் வரை விவசாயிகளின் வயலுக்குள்ளேயே வெடி புதைத்தார்கள். போர் நடக்கவே இல்லை. 2002 கடைசியில் படையைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். புதைத்ததை எடுக்க அதற்கு மேலும் ரொம்ப நாள் ஆனது, புதைக்கும்போதும் எடுக்கும்போதும் சிப்பாய்களும் இறந்தார்கள், வயலுக்குப் போன ஜனங்களுக்கும் கால் போனது. அவர் சொன்னார்: "அண்ணாச்சி, நாங்க மேப்பு போட்டுத்தான் பொதச்சோம். எந்த வரிசைல எத்தனை, எத்தன அடிக்கு ஒண்ணு, எல்லாம் பேப்பர்ல இருக்கு. திரும்பப் போயி பாத்தா மணல் மேடே எடம் மாறிக் கெடக்கு. மேப்பு வச்சிருந்த எங்களுக்கே அந்தப் பாடு." ஒழுங்கான ராணுவம், கையில் வரைபடம், எதிரில் சண்டையும் இல்லை, அப்படி இருந்தே இந்த நிலைமை. வன்னியில் புதைத்த எத்தனையோ பேர் உயிரோடு இல்லை. அவர்களிடம் வரைபடம் இருந்திருந்தாலும் இப்போது யார் கையில் இருக்கிறது?

மழையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2023 டிசம்பரில் நமக்கு வந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. யார் வீட்டு அண்டா யார் வயலில் கிடந்தது என்று எல்லாரும் பார்த்தோம். அதே வடகிழக்குப் பருவமழைதான் வன்னியிலும் பெய்கிறது. பிளாஸ்டிக் மிதிவெடிக்கு என்ன கனம் இருக்கும்? 2014-ல் போஸ்னியாவில் வந்த வெள்ளத்தில் கண்ணிவெடிகளும் எச்சரிக்கைப் பலகைகளும் சேர்ந்தே இடம் மாறிப் போயின, சுத்தம் செய்து முடித்த நிலத்தை மறுபடி சோதிக்க வேண்டியிருந்தது. அதனால் "போன வருசம் அந்த வழியாத்தானே நடந்தோம்" என்பதை நம்பக் கூடாது என்று பெரியவர்களுக்கும் சொல்லித்தர வேண்டும்.

அங்கே வேலையே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஹாலோ டிரஸ்ட், மேக், டாஷ், ஷார்ப் போன்ற அமைப்புகளும் இலங்கை ராணுவமும் வருடக்கணக்காக எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். போருக்குப் பிறகு இந்தியாவிலிருந்தும் குழுக்கள் போயின. லட்சக்கணக்கில் எடுத்துவிட்டார்கள். அந்த வேலையில் இருப்பவர்களில் நிறையப் பேர் பெண்கள், புருஷனைப் போரில் இழந்தவர்களும் உண்டு. முகத்துக்குக் கவசம், மார்புக்குக் கவசம் மாட்டிக்கொண்டு, அந்த வெயிலில் முட்டி போட்டு உட்கார்ந்து, வாரி மாதிரி ஒரு கருவியால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி நகர்கிறார்கள். ஒரு நாள் முழுக்க வேலை செய்தாலும் சில சதுர மீட்டர்தான் முன்னேற முடியும். அவர்கள் சம்பளத்துக்குப் பணம் பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்துதான் வர வேண்டும். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது உலகத்தில் பல இடங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலைகள் அப்படியே நின்றன. கண்ணிவெடித் தடை ஒப்பந்தப்படி இலங்கை 2028 ஜூனுக்குள் முழுவதையும் அகற்றி முடித்திருக்க வேண்டும். முடித்துவிடுவார்கள் என்று நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் பிள்ளைகள் 2028 வரை காத்திருந்து போகப் போவதில்லை. அப்படியே முடிந்தாலும் அது மிதிவெடி நிலங்களுக்கான கெடுதான். எங்கோ ஒரு தோட்டத்து மூலையில் புதைந்திருக்கிற ஒற்றைச் செல்லை எந்தக் கெடுவும் எடுத்துவிடாது.

சரி, நாம் இங்கிருந்து என்ன செய்ய முடியும்? முடியும். சொல்லித்தர வேண்டியது ஒன்றும் பெரிய படிப்பில்லை. தெரியாத பொருள் எதையும் தொடாதே, காலால் உதைக்காதே, கல்லெறிந்து பார்க்காதே, தீ வைக்காதே. மண்டை ஓட்டுப் பலகை, சிவப்பு அடையாளம், கட்டின கயிறு கண்டால் அந்தப் பக்கமே போகாதே, பலகையைப் பிடுங்கி விறகாக்காதே. பழைய பங்கர், மண் அணை, ஆளில்லாத வீடு, பாழுங்கிணறு, இவற்றுக்குள் நுழையாதே. புல் மண்டிப்போன வழியை விட்டு நாலு பேர் தினமும் நடக்கிற வழியில் நட. ஒருவேளை உள்ளே போய்விட்டது தெரிந்தால் ஓடாதே, அப்படியே நில், சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடு. கூட வந்தவன் அடிபட்டுக் கிடந்தால்கூட அவனைத் தூக்க நீ ஓடாதே. இந்தக் கடைசி ஒன்றைச் சொல்லித்தருவதுதான் கஷ்டம். ஏனென்றால் நம் பிள்ளைகளுக்கு நாம் கற்றுக் கொடுத்ததே கூட்டாளி விழுந்தால் ஓடிப்போய்த் தூக்கு என்பதுதான். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, நடித்துக் காட்டி, பிள்ளைகளையும் நடிக்க வைத்துத்தான் மனதில் பதிய வைக்க முடியும். ஒரு நோட்டீஸ் அடித்துக் கையில் கொடுத்துவிட்டால் பதியாது.

சொல்லித்தர ஆள் இல்லையா என்றால், நம் மாவட்டத்தில் நிறைய இருக்கிறார்கள். நான் சொன்ன ஹவில்தாரைப் போல சாப்பர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் எத்தனையோ கிராமத்தில் உண்டு. போலீசில் வெடிகுண்டு கண்டுபிடிக்கும் பிரிவு இருக்கிறது. பாளையங்கோட்டையில் இத்தனை கல்லூரிகள், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள். முகாம்களிலேயே பல வருடமாக வேலை செய்கிற ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இருக்கிறது. போக அனுமதி கேட்கிற ஒவ்வொரு குடும்பமும் எப்படியும் மறுவாழ்வுத் துறை அலுவலகத்துக்கு வந்துதான் ஆக வேண்டும், அந்த இடத்திலேயே, பயணத்துக்கு முன்னால், குடும்பத்தோடு உட்கார வைத்து ஒரு நாள் வகுப்பு. பிள்ளைகளுக்குத் தனியாக இன்னொரு நாள். அங்கே வைத்திருக்கிற பலகைகளின் படம், மிதிவெடிகளின் மாதிரி வடிவம் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். அரசாங்கத்துக்கு இதில் என்ன பெரிய செலவு? கொக்கிரகுளத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் இதை மனுவாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொண்டார்கள். ஒருவன் மனுவுக்கு எவ்வளவு பலம் இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் உங்களிடமும் வருகிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் இல்லை. 1997-ல் ஒட்டாவா நகரத்தில் கண்ணிவெடிகளை முழுவதுமாகத் தடை செய்யும் ஒப்பந்தம் வந்தது. 1999-ல் நடைமுறைக்கு வந்தது. நூற்றறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. போர் நடந்த இலங்கையே 2017 டிசம்பரில் சேர்ந்துவிட்டது, கொத்துக் குண்டுத் தடை ஒப்பந்தத்திலும் 2018-ல் சேர்ந்தது. இந்தியா இரண்டிலும் இல்லை. எல்லை நீளமானது, மாற்று ஆயுதம் வந்தால் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே இத்தனை வருடம் போய்விட்டது. கருவியில் சிக்காத வகையை இந்தியா இப்போது செய்வதில்லை, ஏற்றுமதியும் செய்வதில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காஷ்மீர் எல்லையில் நாமே புதைத்தவை மழையிலும் மண்சரிவிலும் இடம் மாறி நம் சிப்பாய்களையே அடிக்கின்றன. 2025 ஜனவரியில் நவ்ஷேரா பகுதியில் ரோந்து போன ஆறு சிப்பாய்களுக்குக் கண்ணிவெடியில் காயம். நம் மாவட்டத்திலிருந்து அந்த எல்லைக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிற தாய்மார் எத்தனை பேர்? எல்லையைக் காப்பாற்றுகிறது என்று சொல்லிப் புதைத்த பொருள் காவலுக்கு நிற்கிறவனின் காலை எடுப்பதை நம்மால் எப்படி ஏற்றுக்கொள்ள முடிகிறது? போதாக்குறைக்கு எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா, பின்லாந்து, போலந்து ஐந்து நாடுகளும் ரஷ்யாவுக்குப் பயந்து 2025-ல் ஒட்டாவா ஒப்பந்தத்தை விட்டு விலக முடிவெடுத்துவிட்டன. அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்கள் இன்று புதைக்கப் போவதை முப்பது, நாற்பது வருடம் கழித்து மிதிக்கப் போவது ரஷ்ய சிப்பாயா, காளான் பறிக்கப் போன அவர்கள் ஊர்ப் பிள்ளையா? முகமாலையைப் பார்த்த பிறகும் இந்தக் கேள்விக்கு இரண்டு விடை இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி எம்.பி.க்கள் பாராளுமன்றத்தில் எத்தனையோ கேட்கிறார்கள், இந்தியா எப்போது சேரும் என்று இதையும் ஒரு முறை கேட்கட்டும்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டே விஷயம். ஒன்று, ஊர் திரும்புவதைப் பற்றி அடுத்து எழுதும்போது மறுவாழ்வுத் துறை அதிகாரிகளிடம் நேராகக் கேளுங்கள்: போகிற குடும்பங்களுக்கு மிதிவெடி பற்றி யார், எங்கே, எப்போது சொல்லித் தருகிறார்கள்? அவர்கள் சொல்கிற பதிலை அப்படியே போடுங்கள். இரண்டு, மேலே நான் எழுதியிருக்கிற எச்சரிக்கைகளை, விவரம் தெரிந்தவர்களிடம் ஒரு தடவை சரிபார்த்து, உங்கள் சிறுவர் பக்கத்தில் பெரிய எழுத்தில், படத்தோடு வெளியிடுங்கள். முகாம் வீடுகளில் பத்திரிகைத் தாளைச் சுவரில் ஒட்டி வைக்கிற வழக்கம் உண்டு. அந்தத் தாள் சுவரில் இருந்தால் பிள்ளைகள் தினமும் பார்ப்பார்கள்.

ஏப்ரல் 4-ஆம் தேதியைக் கண்ணிவெடி விழிப்புணர்வு நாள் என்று ஐ.நா. சபை வைத்திருக்கிறது. நம் ஊரில் முழுப்பரீட்சை லீவு விடுகிற சமயமும் அதை ஒட்டித்தான் வரும், போகிற குடும்பங்கள் பெரும்பாலும் பிள்ளைகளின் பரீட்சை முடிந்த பிறகுதான் கிளம்புகின்றன. அதனால் முதல் வகுப்பை அந்த நாளில் கங்கைகொண்டான் முகாமில் வைக்கலாம் என்று நினைத்திருக்கிறோம். ஹவில்தார் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் இருப்பேன். பெருமாள்புரம், கோபாலசமுத்திரம், சமூகரெங்கபுரம் முகாம்களில் நடத்த முன்வருகிற ஓய்வுபெற்ற ராணுவத்தினர், ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள் யாராக இருந்தாலும் உங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு எழுதட்டும், வருகிற கடிதங்களை எனக்கு அனுப்பி வையுங்கள். முகாமுக்குள் போக அனுமதி வாங்குகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
கங்கைகொண்டான், திருநெல்வேலி மாவட்டம்.